மழை விட்ட மூன்றாம் நாள்

1

இந்த ஊரில் மழை வந்தால் எல்லோரும் வீட்டுக்குள் போய்விடுவார்கள். எனக்கு அப்போதுதான் அலுவலகத்திலிருந்து போன் வரும், பாட்டில்களை எடுத்துக்கொண்டு கிளம்பச் சொல்லி.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் கார்ன்வால் என்ற பகுதியில் குடியிருக்கிறோம். வந்து ஆறு வருஷம் ஆகிறது. கணவருக்கு மருத்துவமனையில் செவிலியர் வேலை. நான் ஓடைகளிலும் ஆறுகளிலும் தண்ணீர் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் குழுவில் இருக்கிறேன். இந்தப் பகுதி முழுக்க எப்போதோ மூடிப்போன சுரங்கங்கள். வெள்ளீயமும் செம்பும் வெட்டியெடுத்திருக்கிறார்கள். நம் கோலார் தங்க வயலான கே.ஜி.எஃப்.பில் துரைமாராக இருந்த வெள்ளைக்காரர்களில் பலர் இந்தப் பக்கத்து ஆட்கள் என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லைனில் பிறந்தவள் அவர்கள் ஊர் ஓடையில் இறங்கித் தண்ணீர் பிடிக்கிறாள் என்று நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு படிவத்தில், ஏரி என்பதற்கு நம் ஊர் வழக்கப்படி 'டேங்க்' என்று எழுதிவிட்டேன். பேத்தமங்களா ஏரியை நாம் டேங்க் என்றுதானே சொல்கிறோம். இங்கே டேங்க் என்றால் இரும்புத் தொட்டி. அந்தப் படிவம் எண்ணெய்த் தொட்டிகளைக் கவனிக்கும் பிரிவுக்குப் போய், அங்கிருந்து ஒருவர் கசிவைப் பார்க்க பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்து, ஏரியில் நீந்தும் வாத்துகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அதற்கு விளக்கம் எழுதியே மூன்று வாரம் போனது.

அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் செய்தேன். படிவத்தில் 'கடந்த இரண்டு நாள் மழை' என்று ஒரு கட்டம் உண்டு. அதை நான் காலியாகவே விட்டுவந்தேன். தண்ணீரைப் பற்றிக் கேட்கிறார்கள், வானத்தைப் பற்றி எதற்கு என்று நினைப்பு. என்னோடு வேலை பார்க்கும் டேவிட் அதைக் கவனித்தார். திட்டவில்லை. ஒரு நாள் நல்ல மழையில் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு, மூன்று மாதமாக நான் 'தெளிவு' என்று எழுதிவந்த ஓடைக்கு அழைத்துப் போனார்.

வண்டியிலிருந்து இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். ஓடை சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சளும் சிவப்பும் கலந்து, குங்குமத்தைக் கரைத்து ஊற்றின மாதிரி, கரை இரண்டையும் தொட்டுக்கொண்டு போனது. மூடிக் கிடந்த சுரங்கத்தின் வயிற்றில் எத்தனை காலமாகவோ தேங்கியிருந்ததை மழை உள்ளே புகுந்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. நான் பார்த்த ஓடையா இது?

"நீ எழுதியது பொய் இல்லை, அந்த நாளுக்கு அது உண்மை. மழையைச் சொல்லாவிட்டால் எந்த நாளின் உண்மை என்று யாருக்கும் தெரியாது" என்றார் டேவிட்.

நனைந்துகொண்டே நின்ற எனக்குக் கண்ணெதிரே இருந்த ஓடை மறைந்து, ஊரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கிணறுதான் தெரிந்தது.

2

கே.ஜி.எஃப்.காரர்களுக்கு சயனைட் மேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாறையைப் பொடியாக்கி, மருந்து போட்டுத் தங்கத்தை எடுத்த பிறகு மிஞ்சிய சாம்பல் நிற மண்ணைக் கொட்டிக் கொட்டி வளர்ந்த குன்றுகள் அவை. நூறு வருஷத்துக்கு மேல் கொட்டியிருக்கிறார்கள். காற்றுக் காலத்தில் அந்தத் தூள் பறந்து வந்து கொடியில் காயும் துணியில் படியும். மழைக் காலத்தில் மேட்டின் உடம்பெல்லாம் ஓடை ஓடையாகப் பிளந்து, தண்ணீர் சிமெண்ட் பால் மாதிரி கீழே இறங்கும். சிறு வயதில் அதில் நாங்கள் காகிதக் கப்பல் விட்டோம்.

எங்கள் லைனின் கடைசி வீடு எங்களுடையது. அண்ணன் முருகேசன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அப்பாவுக்குப் பிறகு அவரும் சுரங்கத்தில் இறங்கினார். சுரங்கத்தை மூடியபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மூன்று மாதம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு நாள், கூட வேலை பார்த்த மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் கடப்பாரையைப் போட்டார். குழாயில் தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள் வந்தால் பெரிது என்றிருந்த காலம். பாறை வந்தது, அவர்களுக்குப் பாறை புதிதா என்ன? ஷிப்டு போட்டு வெட்டினார்கள். தண்ணீர் ஊறிய அன்று அண்ணன் அடியிலிருந்து கத்திய சத்தம் லைன் முழுக்கக் கேட்டது. "தண்ணி! குடிச்சுப் பாத்தேன், தித்திப்பா கீது!"

அன்றிலிருந்து லைன் முழுக்க அந்தக் கிணற்றில்தான் குடித்தது.

போன வருஷம் மார்கழி தொடக்கத்தில் அண்ணன் இறந்துபோனார். கிட்னி கெட்டுப்போய், எட்டு மாதம் இழுத்துக்கொண்டிருந்து போனார். எங்கள் விசா நீட்டிப்பு விண்ணப்பம் அப்போது நிலுவையில் இருந்தது. நாட்டை விட்டு வெளியே போனால் விண்ணப்பம் ரத்தாகிவிடும், கணவரும் மகளும் சேர்ந்து சிக்கலில் மாட்டுவார்கள். உதவி எண்ணில் ஒரு மணி நேரம் காத்திருந்தபின் ஒரு பெண் மிகவும் மரியாதையாக, "உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன், விதி அதுதான்" என்றாள். அண்ணனைத் தூக்கிக்கொண்டு போனதை நான் சமையலறையில் நின்று போனில் பார்த்தேன்.

3

விசா கைக்கு வந்து, மார்ச்சில் ஊருக்குப் போனேன். அண்ணி கஸ்தூரி வாசலில் நின்றிருந்தார். கட்டிப்பிடித்து அழவில்லை. "வா செல்வி" என்று சொல்லிவிட்டுப் பையை வாங்கி உள்ளே வைத்தார்.

அண்ணிக்கு பெங்களூரில் ஒரு தையல் கம்பெனியில் செக்கிங் வேலை. விடிவதற்கு முன்னே மாரிகுப்பத்தில் ரயில் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். நாள் முழுக்கச் சட்டைகளைப் புரட்டிப் புரட்டி, எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே கறை இருக்கிறது என்று கண்டுபிடித்து ஒதுக்குகிற வேலை.

மறுநாள் பின்பக்கம் போய் நின்றேன். அந்த மேட்டை எத்தனை ஆயிரம் முறை பார்த்திருப்பேன். ஓடைகளில் இறங்கிப் பழகிய கண்ணோடு அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். வெயிலில் வெளுத்துக் கிடந்தது, ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஆனாலும் அதன் மேல் மழை எழுதிவைத்த கோடுகள் எல்லாம் அப்படியே இருந்தன. உச்சியிலிருந்து கிளம்பி, ஒன்றோடொன்று சேர்ந்து, பெருத்து, சரிந்து, கடைசியில் எங்கள் லைனை நோக்கித் திரும்பின. மேட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஒரு காய்ந்த வாய்க்கால். அதன் அடியில் சாம்பல் நிற மண் படிந்து வெடித்திருந்தது. இத்தனை பெரிதாக எழுதியிருந்ததை இருபது வருஷமாக எங்களில் ஒருவர்கூடப் படிக்கவில்லை.

"அண்ணி, இந்தத் தண்ணிய குடிக்காதீங்க" என்றேன்.

"ஏன்? கவர்மெண்டுல வந்து எடுத்துனு போயி டெஸ்ட் பண்ணாங்களே. நல்லா கீதுன்னு பேப்பர் குடுத்தாங்க." அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினார். அதில் மாதிரி எடுத்த தேதி கோடையின் நடுவில் இருந்தது. மழைக்கென்று ஒரு கட்டமே இல்லை.

"இது பொய்யில்ல அண்ணி. ஆனா வெயில் காலத்துல எடுத்தது. மழ பேஞ்சா மேட்டுத் தண்ணி இந்தப் பக்கமாத்தானே எறங்குது? மழைக்கப்புறம் எடுத்துப் பாக்கணும்."

அண்ணி தாளை மடித்து மறுபடி அலமாரியில் வைத்தார்.

"இது உங்க அண்ணன் தோண்டின கெணறு செல்வி."

"தெரியும் அண்ணி."

"இன்னா தெரியும்? இருவது வருசமா அவரு குடிச்ச தண்ணி. நானு ஊத்தி ஊத்திக் குடுத்த தண்ணி. நீ சாவுக்குக்கூட வர்ல. இப்ப வந்து அவரு கெணத்துல நொட்ட சொல்றியா?"

அண்ணி எதற்குப் பயப்படுகிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கிணறு கெட்டது என்றால், ஊற்றிக் கொடுத்த கை யாருடையது?

கிளம்பும் நாளில், நான் கொண்டுபோயிருந்த பேனா மாதிரியான ஒரு சின்னக் கருவியை அலமாரியில் அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். தண்ணீரில் முக்கினால், கரைந்திருக்கும் உப்பு எவ்வளவு என்று எண் காட்டும். அண்ணி பார்த்தார். எடுத்துக்கொள்ளச் சொல்லவுமில்லை, வேண்டாமென்று சொல்லவுமில்லை.

4

ஆறு மாதம் போனில் சாப்பாடு, உடம்பு, ரயில் கூட்டம் இவற்றைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. என் மகள் யாழினிக்குப் பன்னிரண்டு வயது. அத்தை முகம் திரையில் தெரிந்ததும் "ஹாய் அத்தை, சாப்டீங்களா" என்பாள். அவளிடம் இருக்கும் தமிழில் பாதி அது. சொல்லிவிட்டு நழுவிவிடுவாள்.

அக்டோபர் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணியே கூப்பிட்டார்.

"செல்வி, உன் பேனாவ எப்படி ஆன் பண்றது?"

"மேல ஒரு பட்டன் இருக்கும் அண்ணி. அழுத்திப் பிடிங்க" என்றேன்.

"ம். வந்துடுச்சு." வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு வீடியோவில் வந்தார். போனைத் திருப்பிப் பின்பக்கத்து மதிலைக் காட்டினார். மதில் மேல் வரிசையாகப் பதினாலு தண்ணீர் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துண்டுச் சீட்டு, கிழமை, நேரம், மழை அளவு. காலையில் ரயிலுக்கு ஓடுமுன் ஒன்று, வேலை விட்டு வந்ததும் ஒன்று, ஏழு நாள். சாயங்கால வெயில் பின்னாலிருந்து விழ, பாட்டில்கள் ஒளிர்ந்தன. முதல் மூன்று கண்ணாடி மாதிரி. நாலாவதில் லேசான மங்கல். ஐந்தும் ஆறும் கஞ்சித் தண்ணீர். பிறகு மெல்ல மெல்லத் தெளிந்து, கடைசி நாலும் மறுபடி கண்ணாடி. ஒரு மழை வந்து போன வழி முழுவதும் அந்த மதில் மேல் நின்றது. இங்கே பெரிய பெரிய கருவிகள் வரையும் கோடுகளைத் தினம் பார்க்கிறவள் நான். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"மழைய எப்படி அளந்தீங்க அண்ணி?"

"ஊறுகாய் ஜாடி. அதும்மேல ஸ்கேல ஒட்டி மாடில வெச்சுட்டேன்." நோட்டைக் காட்டினார். மழை, பாட்டில் நிறம், பேனா எண் என்று மூன்று பத்தி. மழைப் பத்தியில் அளவோடு கூட தூறல், சாரல், அடமழ என்றும் எழுதியிருந்தார்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார். "மழ பேஞ்ச மொத நாளு பேனால நம்பரு எறங்கிச்சு. சரி, மழத் தண்ணி கலந்து கெணறு சுத்தமாயிடுச்சு போலன்னு நெனச்சேன். மழ விட்டுடுச்சு. தண்ணியும் தெளிஞ்சுடுச்சு. ஆனா மழ விட்ட மூணாவது நாள்லருந்து நம்பரு ஏறினே போவுது செல்வி. மழைக்கு முன்னாடி இருந்தத வுட ரெண்டு பங்கு. கண்ணுக்குத் தெளிஞ்சுடுச்சு. பேனாவுக்குத் தெளியல. ஏன்?"

நான் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். மேட்டில் இறங்கிய மழை, மண்ணுக்குள்ளே மெதுவாக ஊர்ந்து, அங்கே கிடந்ததையெல்லாம் கரைத்துக்கொண்டு, கிணற்றுக்கு வந்து சேர மூன்று நாள் ஆகிறது. மேலே ஓடுகிற கலங்கலைத்தான் நான் சந்தேகப்பட்டேன். கலங்கல் போன பிறகு, யாருக்கும் தெரியாமல், தெளிந்த தண்ணீராகவே அது வருகிறது. மழையன்று வந்து எடுத்தாலும் தப்பியிருக்கும், கோடையில் எடுத்தாலும் தப்பும். அந்த வாரத்தில் ஒரு வேளைகூட விடாமல் எடுத்தவருக்கு மட்டுமே அது அகப்பட்டது.

அதைச் சொன்னேன். அண்ணி பாட்டில்களைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் அண்ணி எடுக்க ஆரம்பிச்சீங்க?" என்று தயங்கிக் கேட்டேன்.

"எதிர்வூட்டு சரளா முழுவாம கீது. தெனம் வந்து மொண்டுனு போவுது. கொடத்த இடுப்புல வெச்சுனு அது போறத பாத்தேன். எனுக்கு மனசு வர்லன்னு அத குடிக்க வுட முடியுமா?"

நோட்டின் படத்தை யாழினியிடம் காட்டினேன். தமிழ் படிக்க வராது, ஒவ்வொன்றாகச் சொன்னேன். "மழைக்கு எதுக்கு இத்தனை வார்த்தை? மில்லிமீட்டர் போதாதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அத்தை சயின்டிஸ்டா?" என்றாள். நான் பதில் யோசிப்பதற்குள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

5

அண்ணி ஒரு நாள் லீவு போட்டு, நோட்டோடு அந்தச் சோதனைத் தாளைக் கொடுத்த அரசு அலுவலகத்துக்குப் போனார். முதல் ஜன்னலில் இங்கே இல்லை என்றார்கள். இரண்டாவதில், அந்தக் கிணற்றுக்கு ஏற்கனவே சோதனை ஆகிவிட்டது, நன்றாக இருக்கிறது என்று பதிவு இருக்கிறது என்றார்கள். மூன்றாவது அறையில் ஷில்பா என்று ஒரு இளம்பெண். தண்ணீர் மாதிரிகளைச் சோதிக்கும் வேலைக்குப் புதிதாக வந்தவள். கன்னடக்காரி. நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம்.

"இது யாரு பரெதித்து அம்மா?"

"நான்தாம்மா எழுதினேன்."

"ஏழு நாளும் நீங்களேவா?" அந்தப் பெண் தமிழுக்கு மாறி, உட்காரச் சொன்னாள். "மழை விட்ட மூணாவது நாள் நானே வர்றேன்."

சொன்னபடியே நவம்பரில், அடுத்த பெரிய மழை விட்ட மூன்றாம் நாள் வந்தாள். லைனே கூடிவிட்டது. தெளிந்த தண்ணீரைப் பிடிக்கிறாளே என்று சிலருக்குச் சிரிப்பு. இரண்டு வாரத்தில் தாள் வந்தது. உப்பு அளவுக்கு மேல், உலோகமும் அளவுக்கு மேல், குடிக்கக் கூடாது.

அண்ணி எனக்கு அதை வாசித்துக் காட்டினார். வாசித்து முடித்ததும் அதைப் பழைய தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு கேட்டார்.

"அப்ப அவருக்கு வந்தது இதனாலதானா செல்வி?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று மார்ச்சிலிருந்தே எனக்குத் தெரியும். ஆறுதலாகச் சொல்ல ஏதேதோ யோசித்து வைத்திருந்தேன். அவற்றில் ஒன்றையும் சொல்லவில்லை.

"தெரியாது அண்ணி. ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. அத இந்தப் பேப்பரு சொல்லாது. எந்தப் பேப்பருமே சொல்லாது."

அழுவாரோ என்று பார்த்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி. தெரியாதத தெரியாதுன்னே சொன்னியே. இல்லன்னு சொல்லியிருந்தா நானு நம்பியிருக்க மாட்டேன்" என்றார்.

அன்றைக்கே வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறார். சரளா வீட்டுக்கு முதலில். சிலர் கோபித்துக்கொண்டார்களாம். இத்தனை வருஷம் குடித்தோமே, ஒன்றும் ஆகவில்லையே, உன் புருஷன் கிணற்றை நீயே கெட்டது என்கிறாயே என்று. "ஆமா, நானே சொல்றேன்" என்றாராம். இப்போது லைன்காரர்கள் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து கேனில் பிடித்துவந்து குடிக்கிறார்கள். வாரம் இரண்டு முறை தண்ணீர் லாரியும் வருகிறது, சில வாரம் வராது. துவைக்கவும் கழுவவும் கிணறு.

6

இன்றைக்கு அண்ணனுக்கு வருஷம். இந்த முறையும் நான் இங்கேதான் இருக்கிறேன். மார்ச்சில் போய்வந்ததால் லீவு மிச்சமில்லை. கணவர் காலை ஷிப்டு, யாழினி பள்ளிக்கூடத்தில். படத்துக்கு முன்னால் விளக்கேற்றி உட்கார்ந்திருந்தபோது அண்ணி கூப்பிட்டார். அங்கே வங்கக் கடல் புயலால் இரண்டு நாளாக விடாத மழை. படையல் முடித்துவிட்டார்களாம். ஆனால் அவர் அதைச் சொல்லக் கூப்பிடவில்லை.

"ஷில்பா பொண்ணு வந்திச்சு செல்வி. நம்ம கெணத்த லிஸ்ட்டுல சேத்துட்டாங்களாம். இனிமே வருசம் பூரா வந்து எடுப்பாங்க. கோடையில, மழையில, மழ விட்டு மூணு நாள் கழிச்சு. மேட்டுலருந்து இன்னா வருதுன்னு இந்தக் கெணத்த வெச்சுத்தான் பாக்கப் போறாங்களாம்."

கிணற்றை மூடி மண் போட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"லிஸ்ட்டுல எழுத கெணத்துக்கு ஒரு பேரு வேணும்னு கேட்டுச்சு. உங்க அண்ணன் பேரச் சொன்னேன். பாட்டில்ல கன்னடத்துல எழுதி ஒட்டிச்சு. எனுக்குக் கன்னடம் எழுத்துக் கூட்டிப் படிக்கத்தானே வரும். நின்னு படிச்சுப் பாத்தேன். முருகேஷ்னு போட்டுடுச்சு."

"அங்க அப்படித்தானே எழுதுவாங்க அண்ணி."

"எழுதுவாங்க. ஆனா அவரு பேரு முருகேசன். பாட்டில்ல தப்பா இருந்தா லிஸ்ட்டுலயும் தப்பாத்தானே ஏறும்? மாத்தி எழுதும்மான்னேன். மழ கொட்டுது. நானு கொடைய புடிச்சினேன். அந்தப் பொண்ணு கெணத்து மேல பாட்டில வெச்சு, பழைய சீட்ட கிழிச்சுட்டு, புதுசா எழுதிச்சு."

"சரியா எழுதிட்டாங்களா?"

"ம்" என்றார் அண்ணி. "மறுபடியும் ஒரு வாட்டி படிச்சுப் பாத்துட்டுத்தான் அனுப்பினேன்."